பூபதிக்கு மணி அடித்தவள்

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு மனித குலம் இத்தனை காலமும் காத்திருந்த அடுத்த நாள் வந்தே விட்டது என்பதையும், அந்தப் பெருமை லண்டனுக்கும் பாரீசுக்கும் போகாமல் ராஜபாளையத்துக்கே வாய்த்தது என்பதையும், இதைப் படிக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். கண்மாய்க்கரை ரோட்டு நடைபாதைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

அடித்தவர்கள் சஞ்சீவி சைக்கிள் சங்கத்தார். ‘நடப்போரும் மிதிப்போரும் நட்புடன் செல்லும் பசுமைப் பாதை’ என்று பலகையும் வைத்தார்கள். பலகையில் சங்கத் தலைவர் பிரேம்குமார் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சந்திரனில் இறங்கப் போகிறவர் போலச் சிரித்தார். பலகையைப் பாதையின் நட்டநடுவில் ஊன்றிவிட்டதால், நடப்போரும் மிதிப்போரும் அவர் முகத்தைச் சுற்றிக்கொண்டு சாக்கடை ஓரமாகப் போனார்கள்.

பிரேம்குமாருக்கு ஒரு மில் உண்டு, அப்பா வைத்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சங்கத்தார் பத்துப் பதினைந்து பேர் உடம்போடு ஒட்டிய உடுப்பில் திரண்டு, விரல் பருமன் டயர் போட்ட வண்டிகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்புவார்கள். பின்னாலேயே வாழைப்பழத்தார், குளுக்கோஸ், துண்டு, பஞ்சர் சாமான் எல்லாம் ஏற்றிய கார் ஊர்ந்து வரும். அங்கே போய்ச் சேர்ந்து ஆளுக்குக் கால் கிலோ பால்கோவா தின்றால் திரும்பி மிதிக்க முடியாது, எதிர்காற்று வேறு. கொண்டமட்டும் சைக்கிள்களைக் காருக்கு மேலே கட்டிச் சிலர் அதில் ஏறிக்கொள்ள, மீதிப் பேர் வேறு கார்களை வரச் சொல்லி ஊர் திரும்புவார்கள். உரித்த பழத்தோல் முழுக்க வழியில் கிடக்கும். தோலைப் பார்த்தே சங்கம் எதுவரை மிதித்தது என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காரை ஓட்டுகிறவன் செல்வின். அவன் பெண்சாதி ஹெப்சிபாவும் சைக்கிள்தான் மிதித்தாள். ஆனால் அதை யாரும் சைக்கிள் ஓட்டுதல் என்று சொன்னதில்லை. கம்பெனியில் வெட்டிக் கொடுக்கிற நைட்டித் துணியைக் கட்டாகக் கட்டி கேரியரில் வைத்து, தைக்கிற பெண்களின் வீடுகளில் போட்டுவிட்டு, தைத்ததை வாங்கிவந்து சேர்ப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு அவள் மிதித்த தூரத்தைச் சங்கத்தார் மிதித்திருந்தால் பேப்பரில் போட்டோ வந்திருக்கும்.

பச்சை அடிப்பதற்கு முந்தி அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தார் ரோட்டின் இடது ஓரமாகப் போவாள், லாரி வந்தால் மண்ணில் இறங்குவாள், ஏறுவாள். பச்சை அடித்த மறுநாளிலிருந்து கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி அறிவுரை சொல்ல ஆரம்பித்தார்கள்.

“ஏம்மா, ஒங்களுக்குன்னுதான ரோடு போட்டுக் குடுத்திருக்கு? அதுல போக வேண்டியதான?”

பச்சையில் ஏறினால் அங்கே நடக்கிறவர்கள் முறைத்தார்கள். மூட்டு வலிக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்பக்கமாகவே நடக்கிற ஒரு ரிட்டயர்டு ஆசாமி, தானே அவள் மேல் வந்து மோதிவிட்டு, “நடக்குற எடத்துல சைக்கிளுக்கு என்ன சோலி?” என்றார்.

“ரோட்டுல போனா இங்க போங்கானுவ, இங்க வந்தா அங்க போங்கிய. நான் என்ன வேப்ப மரத்து மேலயா ஓட்ட முடியும்?” என்றாள் ஹெப்சிபா.

அதற்குமேல் நாய்கள். ராஜபாளையத்து நாய் என்றால் உலகத்துக்கே தெரியும்: பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ராஜ நடை. அது காலையில் எழுந்ததும் எங்கே போகும் என்பதுதான் உலகத்துக்குத் தெரியாது. பச்சைப் பாதைக்குப் போகும். சொந்த வாசலில் கோலம் அழியக்கூடாதென்று கவனமாக இருக்கிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் நாயைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து, அது முதுகைக் கூனும்போது மட்டும் மலையைப் பார்த்தார்கள். மேற்கே அய்யனார் கோவில் பக்கத்து மலையில் அப்படி என்ன தெரிந்ததோ. வெயில் ஏற ஏறப் பாதை நாறும். சாரல் விழுந்தால் கரைந்து சக்கரத்தில் ஏறி முதுகு வரை தெறிக்கும். ஹெப்சிபா துணிக்கட்டுக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்ற ஆரம்பித்தது மழைக்காக அல்ல.

அந்த வெள்ளிக்கிழமையும் லேசாகச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த ஒரு கார் ஹார்ன் அடித்தே அவளைப் பச்சைக்கு ஏற்றிவிட்டது. எதிரே பிரேம்குமார் தன் நாய் பூபதியோடு நின்றார். இழுக்க இழுக்க நீளும் கயிற்றின் ஒரு முனை அவர் கையில், அவர் பாதையின் அந்த ஓரம். மறு முனை பூபதியின் கழுத்தில், பூபதி இந்த ஓரம். அவர் போனில் பஞ்சு விலை பேசிக்கொண்டிருந்தார். பூபதி தன் காரியத்தில் இருந்தது.

ஹெப்சிபா மணி அடித்தாள். பூபதி அசையவில்லை. மறுபடி அடித்தாள். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இன்னொரு காதைக் கையால் பொத்தினார். அடித்துக்கொண்டே பிரேக்கைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் பூபதி சற்று முன்னால் முடித்துவைத்த வேலையின் மேல் முன்சக்கரம் ஏறி வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கம், அவள் வலது கையை ஊன்றி அந்த அசிங்கத்திலேயே விழுந்தாள். மணிக்கட்டில் சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது.

ஹாண்டில்பார் நுனி பூபதியின் தொடையை உரசியதில் அது ஊளையிட்டது. ஊளை கேட்டு ஊர் ஓடி வந்தது. பின்பக்கமாக நடக்கிறவர்கூட முன்பக்கமாக ஓடி வந்தார்.

“பூபதி! ஏய் பூபதி! யாராச்சும் தண்ணி கொண்டாங்கப்பா!” என்று பிரேம்குமார் அலறினார்.

நான்கு பேர் நாயைத் தூக்கினார்கள். ஒருவர் குடை பிடித்தார். ஹெப்சிபா உட்கார்ந்தபடியே இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு பார்த்தாள். முழங்கைவரை அசிங்கம் அப்பியிருந்ததால் அவள் பக்கம் யாரும் வரவில்லை. கடைசியில் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வந்த மாரியாத்தாள்தான் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தபோது, பூபதியின் படம் அவளுக்கு முன்னால் ஊரெல்லாம் போய்விட்டிருந்தது. காலில் பஞ்சு, கண்ணில் சோகம். ‘மணி அடிக்காமல் வந்த சைக்கிள் மோதி நம் செல்லம் காயம்’ என்று சங்கத்து வாட்ஸ்அப்பில் தலைவர் எழுதியிருந்தார். கீழே கைகூப்புகள். விருதுநகரிலிருந்து ஒருவர் ஆட்டு ஈரலோடு பார்க்க வந்தாராம்.

“அய்யோ பாபம்!” என்று மறுநாள் காலை பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். நைட்டி தைக்கிறவள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். “ராத்திரி சாப்டவே இல்லையாமேக்கா!”

“சாப்ட்டனே. ரொட்டி நனைச்சு சாப்ட்டேன்.”

“ஒங்களச் சொல்லலக்கா. பூபதிய.”

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்து, கை அசைந்து, வலி வந்தது.

“நீங்க மணி அடிச்சிருக்கலாம்லக்கா?”

“அடிச்சேன்ட்டி.”

“அடிச்சா அது வெலகிருக்குமே. நல்ல சாதி நாயாச்சே.”

இதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. நல்ல நாய் மணிச் சத்தம் கேட்டால் விலகும், பூபதி நல்ல நாய், விலகவில்லை, ஆகவே மணி அடிக்கவில்லை. கண்மாய்க்கரை முழுவதும் சட்டக் கல்லூரியாகிவிட்டது. ஹெப்சிபாவுக்குக் கை உடைந்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த ஆள் வாயால் ஒரு தடவை, ‘அவ மணி அடிச்சா, தப்பு என் பக்கம்’ என்று வர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் செல்வின் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்தான். சங்கத்துப் பனியன் போட்டிருந்தான். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி அவள் முன்னால் வைத்தான். அவள் இடது கையால் அள்ளினாள். சால்னா விரல் வழியாக ஒழுகியது. அந்தக் கையைத்தான் இந்த இரண்டு நாளாக எல்லாவற்றுக்கும் உபயோகிக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. தட்டைத் தள்ளினாள்.

“தின்னுட்டி. நாளைக்குக் காலைல விழா இருக்கு. தெம்பா இருக்கணும்.”

“என்ன விழா?”

“மணி விழா.” செல்வின் சுவரைப் பார்த்தான். “மொதலாளி ஏற்பாடு. சைக்கிள்ல போற ஏழ சனத்துக்கெல்லாம் மேடைல வச்சு புது மணி குடுக்காவ. மொத மணி ஒனக்கு.”

“எனக்கு எதுக்கு? எங்கிட்ட மணி இருக்கே. நல்லா அடிக்கே.”

“அதில்லட்டி. நீ மேடைல ஏறி, அன்னைக்கு மணி அடிக்காம வந்துட்டேன், மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும். பொறவு மணிய வாங்கிக்கணும். அம்புட்டுத்தான். செத்த நேரத்துல முடிஞ்சிரும்.”

“நான் அடிச்சேங்க.”

“சரி.”

“என்ன சரி? அடிச்சேன்னு சொல்லுதேன். மூணு மட்டம் அடிச்சேன்.”

“அடிச்சிருப்ப. எனக்குத் தெரியும்.”

“எப்பிடித் தெரியும்? நீங்க பாத்தியளா?”

செல்வின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“அதுக்குக் காது கேக்காது,” என்றான்.

வெளியே தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நின்றதும் செல்வின் குரலை இன்னும் தாழ்த்தினான். தூய வெள்ளைக் குட்டிகளில் சிலது அப்படிப் பிறக்கும். வாங்குகிறவர்கள் அதனால்தான் குட்டிக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். பிரேம்குமாரும் தட்டித்தான் பார்த்தார். ஆனால் ஆறு குட்டிகளையும் மொத்தமாக விட்டுவிட்டுத் தட்டினார். தட்டியதும் ஐந்து துள்ளின. ஐந்து துள்ளியதைப் பார்த்து ஆறாவதும் துள்ளியது. எல்லாவற்றையும்விட உயரத் துள்ளிய அதையே கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வளர்ந்த பிறகு, கூப்பிட்டால் வரவில்லையே என்று மதுரை நாய் டாக்டரிடம் காட்டியதில் விஷயம் தெரிந்தது. கொண்டுபோன கார் செல்வின் ஓட்டியது.

“மொதலாளிக்கு, டாக்டருக்கு, எனக்கு. மூணு பேருக்குத்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா அதுக்குக் குட்டி கேட்டு ஒருத்தன் வருவானா? ஷோவுல காட்ட முடியுமா? அவிய மானம் என்னாகும்?”

ஹெப்சிபா தட்டை அவன் பக்கமாக நகர்த்தினாள்.

“அப்ப வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரில, ஏன் மணி அடிக்கலன்னு என்னைய ஏசுனியளே. அப்பவும் தெரியுமா?”

“ஆளுக நின்னாவள்லா...”

“ஆளுக நின்னா?”

“ஏட்டி, எனக்கு இந்த வண்டிய விட்டா வேற என்ன தெரியும்? நாய்க்குக் காது இல்லன்னு சொல்லி நீ என்ன செயிக்கப் போற?”

“நாய்க்கு இல்லன்னா அது பொறப்பு. ஒங்களுக்கு என்னங்க?”

செல்வின் மிச்சப் பரோட்டாவைத் தின்ன ஆரம்பித்தான். வாயில் வேலை இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அவன் வெகுநாளாகக் கண்டுவைத்திருந்த உபாயம். அவன் மெல்லுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் அவள் சரியாகக் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் இந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலா படுத்திருந்தோம் என்று இருந்தது.

“நான் வாரேன்,” என்றாள். “காலைல கூப்புடுங்க.”

அவனுக்கு உயிர் வந்தது. “நல்ல பிள்ள!” என்று எண்ணெய்க் கையால் அவள் தலையைத் தடவ வந்தான். அவள் தலையை இழுத்துக்கொண்டாள்.

விழாவைப் பச்சைப் பாதையின் மேலேயே பந்தல் போட்டு நடத்தினார்கள். ஆகவே அன்றைக்கு நடப்போரும் மிதிப்போரும் லாரிகளுக்கு நடுவில் போனார்கள். விருந்தினர்களின் கார்கள் பந்தலுக்கு இரண்டு பக்கமும் பாதையை அடைத்து நின்றன. மேடைக்கு வரும் இடத்தில் மட்டும் பாதையைக் கழுவி, பினாயில் தெளித்து, அதன் மேல் சென்ட் அடித்திருந்தார்கள். மூன்று வாடையும் சேர்ந்து ஒரு நான்காவது வாடையாகி மூக்கில் ஏறியது.

தலைமை விருந்தினர் தனுஷ்கோடி. நாய்க் கண்காட்சிகளில் மார்க் போடுகிறவர். நாயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், யாரும் கேட்காவிட்டாலும். மேடை நடுவில் மெத்தை போட்டு, தொடையில் புதுக் கட்டோடு பூபதி படுத்திருந்தது. பிரேம்குமார் பால்கோவாவை விரலில் எடுத்து அதற்கு நக்கக் கொடுத்தார். அதே விரலால் விருந்தினர்களுக்கும் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் வாங்கித் தின்றார்கள்.

“சாலை என்பது யாருக்குச் சொந்தம்?” என்று பிரேம்குமார் மைக்கில் கேட்டார். “காருக்கா? காலுக்கா? இல்லை. ஒழுக்கத்துக்குச் சொந்தம்! அந்த ஒழுக்கத்தின் குரல் எது? மணி!”

கை தட்டினார்கள். ஏழை சைக்கிள்காரர்கள் என்று கூட்டி வந்திருந்த மில் ஆட்களும் தட்டினார்கள். அவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள்.

“தவறு செய்வது இயல்பு. திருந்துவது உயர்வு. நம்ம செல்வின் சம்சாரம் ஹெப்சிபா, வாம்மா.”

ஹெப்சிபா ஏறினாள். அவள் இடது கையில் பளபளவென்று ஒரு பித்தளை மணியைப் பிரேம்குமார் வைத்தார். செல்வின் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சொல்லும்மா.”

அவள் மைக்குக்குப் போகவில்லை. மெத்தையைச் சுற்றிக்கொண்டு பூபதியின் தலைக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். காதுக்கும் மணிக்கும் நாலு விரல் இடைவெளி. கட்டை விரலால் அழுத்தி அடித்தாள். மேடையில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பூபதி தன் தொடைக் கட்டை நக்கிக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தாள். பந்தல் மேலிருந்த காக்கைகள் பறந்தன. பூபதி நக்கியது. மூன்றாவது முறை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். பூபதி கொட்டாவி விட்டுத் தலையை மெத்தையில் சாய்த்துக் கண்ணை மூடியது.

ஹெப்சிபா நிமிர்ந்தாள். “அன்னைக்கும் இப்பிடித்தான் அடிச்சேன்,” என்றாள். மைக் தூரத்தில் இருந்தாலும் முன் வரிசைக்கு நன்றாகக் கேட்டது.

பிரேம்குமாரின் முகம் நாயின் நிறத்துக்கு வந்தது. செல்வின் பந்தல் காலோடு காலாகிவிட்டான். இதோ, ஒருவர் வாய் திறந்தால் போதும் என்று ஹெப்சிபா காத்திருந்தாள்.

தனுஷ்கோடி வாய் திறந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களாய்யா? பாத்தீங்களா? காதுல வச்சு அடிக்கா, அசைஞ்சுதா? முப்பது வருசமா நாய் பாக்கேன், இப்பிடி ஒரு நெதானத்தப் பாத்ததில்ல! சத்தத்துக்குப் பயப்படுறது தெரு நாய். கண்ணுக்கு முன்னால குண்டு விழுந்தாலும் கொட்டாவி விடுது பாருங்க, அதுதான் ராஜபாளையம் ரத்தம்!”

பந்தல் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். பூபதி மட்டும் தூங்கியது, அதைக் காட்டிக் காட்டி மேலும் தட்டினார்கள். பிரேம்குமாரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. முதலில் கன்னத்துக்கு, பிறகு பல்லுக்கு. குட்டி கேட்டு மூன்று பேர் மேடைக்கே ஏறிவிட்டார்கள்.

ஹெப்சிபா மணியை மெத்தை ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். காருக்குப் பக்கத்தில் செல்வின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“கர்த்தர் காப்பாத்துனாரு,” என்றான். “நல்ல வேள, ஒருத்தனுக்கும் வெளங்கல.”

அவள் பதில் சொல்வதற்குள் பிரேம்குமார் பால்கோவா டப்பாவோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“பிரமாதம்மா! நான் செத்த பயந்துட்டேன், ஆனா பிரமாதம். செல்வின், அடுத்த ஞாயித்துக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர்ல கூட்டம். தனுஷ்கோடி அண்ணாச்சி இதையே அங்கயும் பண்ணணுங்காரு. பூபதி, மெத்தை, மணி, ஒஞ் சம்சாரம்.”

“வந்துருவா சார்,” என்றான் செல்வின்.

“நான் மணி அடிச்சேன், தப்பு ஒங்க பக்கந்தான்னு ஒரு வாய் சொல்லுங்க சார்,” என்றாள் ஹெப்சிபா. “எனக்கு அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நீ அடிச்சதத்தான் ஊரே பாத்துச்சேம்மா,” என்று பிரேம்குமார் அன்போடு சொன்னார். “இன்னும் என்ன? இந்தா, பால்கோவா.”

நீட்டிய விரலில் நாயின் வெள்ளை முடி ஒன்று ஒட்டியிருந்தது. அவள் வாந்தி எடுத்தாள். காரின் கதவில், சங்கத்தின் சின்னத்துக்கு நேர் மேலே எடுத்தாள். எடுத்து முடித்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் வர மாட்டேன்,” என்றாள். அது செல்வினைப் பார்த்துச் சொன்னது. எதற்கு வர மாட்டாள் என்று அவனும் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கதவைத் துடைக்க ஆரம்பித்திருந்தான்.

கார்கள் அடைத்திருந்த பச்சையில் கால் வைக்க இடமில்லை. அவள் தார் ரோட்டில் இறங்கி நடந்தாள். மறுநாளே சைக்கிளில் துணிக்கட்டைக் கட்டி, ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். போன வீட்டிலெல்லாம் நாய்க்குக் காது கேட்காது என்று சொன்னாள். வெங்கடேஸ்வரி உட்பட எல்லோரும், “கோவத்துல பேசாதீங்கக்கா,” என்றார்கள். செல்வினுக்கு அவள் சோறு வைத்தாள். பேச்சு மட்டும் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் சிறப்பாக நடந்தது. மணி அடிக்க வேறு ஒரு பெண்ணைக் கூட்டிப் போனார்கள். அவளுக்குக் கை உடைந்திருக்கவில்லை. காருக்குள் வைத்துச் செல்வின் கட்டுப் போட்டுவிட்டான்.